காரணம் எழுதாத கட்டம்

அன்பு மகளுக்கு,

நம் மேனாம்பேட்டுப் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் மூன்றாம் பக்கம் என்னுடையது என்பது உனக்குத் தெரியும். ‘புதிய கண்டுபிடிப்புகள்’ என்று சிவப்பு மையில் தலைப்புப் போட்டு, வானத்தில் என்ன தெரிந்தது, அணுவுக்குள் என்ன கிடைத்தது, எந்த நோய்க்கு என்ன மருந்து வந்தது என்று பதினைந்து வருஷமாக எழுதி வருகிறேன். இந்த மாதம் அந்தப் பக்கத்தில் இந்தக் கடிதம்தான் வரும். படிப்பகத்துச் செயலாளர் கன்னியப்பனிடம் சொல்லிவிட்டேன். ஆனால் ஊர் படிப்பதற்கு முன்னால் நீ படிக்க வேண்டும். உன் டிரங்குப் பெட்டியின் அடியில் இதை வைத்துவிடலாம், ரயில் ஆவடியைத் தாண்டி எங்கேயோ போன பிறகு நீ பார்த்துக்கொள்வாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அது இன்னொரு திருட்டுத்தனம். அதனால் கையிலேயே தருகிறேன். நீ படித்து முடிக்கும்வரை வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பேன். திட்டுவதென்றால் அங்கே வந்து திட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்குப் படிப்பகத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். நம் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு ஆராய்ச்சிக்குப் போகிற முதல் பெண் என்று மைக்கில் மூன்று தடவை சொன்னார்கள். உனக்குச் சரிகை போட்ட பொன்னாடை. பெற்றவனையும் விடக்கூடாது என்று எனக்கு ஒரு துண்டு. மேடையில் உட்கார்ந்தபடியே அந்தத் துண்டை விரலால் தடவிப் பார்த்தேன். சாதா மில் துண்டு. பெற்ற மகளின் பொன்னாடையையும் தன் துண்டையும் ஒத்துப் பார்க்கிற மனுஷனும் உலகத்தில் இருக்கிறான், அவன் உன் அப்பன். பிறகு நீ பேச எழுந்தாய். வானொலி அலைகளை வைத்து நட்சத்திரங்களை ஆராயப் போவதைப் பற்றிச் சொன்னாய். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். கடைசியில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாய். ‘எங்கம்மாக்கு நோய் திரும்பி வந்ததுக்கு நான்தான் காரணம். பன்னெண்டு வயசுல அம்மா மாத்திரைய முழுங்குனாங்களான்னு பாக்காமலே நோட்டுல டிக் போட்டேன். அன்னிலேர்ந்து கண்ணால பாக்காத எதையும் நான் எழுதறதில்ல.’ கூட்டம் கை தட்டியது. எவனோ விசில் அடித்தான். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. நீ தெருக்கோடியில் தோழிகளோடு நின்று பேசிக்கொண்டிருந்தாய். அவள் கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் நின்றாள். ‘புள்ள மறந்துடுச்சின்னு நெனச்சிகினு இருந்தேன்யா. இத்தினி வருசமா அத நெஞ்சுல வெச்சிகினு கீது. நீயே சொல்லிடு. இல்லாங்காட்டி நான் சொல்லிடுவேன். எனுக்கு மூச்சு இல்லன்னாலும் வாய் கீது’ என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது. அந்த மூச்சு வாங்குவதற்கு நீ காரணம் இல்லை. நான் காரணம்.

முதலிலிருந்து சொல்கிறேன். என் அப்பா இதே மேனாம்பேட்டில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். நான் எட்டாவது வரை படித்துவிட்டு, பாடியில் ஒரு கம்பெனியில் லேத்தில் நின்றேன். நாள் பூரா இரும்பைக் கடைந்துவிட்டு வந்தாலும், சாயங்காலம் படிப்பகத்துக்குப் போய் எல்லாப் பேப்பரையும் புரட்டி, வாசலில் இருக்கும் கரும்பலகையில் அன்றைய அறிவியல் செய்தியைச் சாக்பீஸால் எழுதாமல் வீட்டுக்கு வரமாட்டேன். ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் சைக்கிளிலிருந்து ஒரு காலை மட்டும் ஊன்றி நின்று படிப்பார்கள். புரியாவிட்டால் ‘இன்னா மச்சான் இது?’ என்று என்னைக் கேட்பார்கள். நான் சொல்லுவேன். அந்த ஐந்து நிமிஷம்தான் என் வாழ்க்கை. அதற்கு மேல் எனக்கு வேறு சொத்து கிடையாது. அதைத் தொட்டால் நான் கடிப்பேன் என்பது எனக்கே அப்போது தெரியாது.

உனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது உன் அம்மாவுக்குக் காசநோய் வந்தது. தாம்பரம் பக்கம் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்கில் படுத்தால்தான் பிழைப்பாள் என்று தெருவே சொன்னது. எனக்கோ பயத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன். ஏனென்றால், சில வருஷங்களுக்கு முன்னால் நம் சென்னையிலேயே கண்டுபிடித்த ஒரு விஷயம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் படுத்து மருந்து சாப்பிட்டாலும் வீட்டிலேயே இருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாலும் குணம் ஒன்றுதான், வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று ஆராய்ந்து சொல்லியிருந்தார்கள். அதை நான் பலகையில் எழுதியும் இருந்தேன். வீட்டுக்கு வீடு போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸம்மா முதல் நாள் வந்தபோது, இதையெல்லாம் அவரிடம் சொல்லி அசத்த வேண்டுமென்று சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அவர் ‘சரிங்க’ என்று ஒரே வார்த்தையில் என்னை முடித்துவிட்டு உன் பக்கம் திரும்பினார். ‘பாப்பா, நீதான் பொறுப்பு. தினம் காலைல கொடுக்கணும். கொமட்டும், கசக்கும், அம்மா வேணாம்பாங்க. உடம்பு தேறிட்ட மாதிரி தெரியும். நிறுத்தவே கூடாது. ஒரு வருஷம்’ என்றார். உன் பள்ளிக்கூட நோட்டில் அவரே கோடு போட்டுக் கொடுத்தார். தேதிக்கு ஒரு கட்டம், மருந்துக்கு ஒரு கட்டம், கொடுக்காத நாளுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம்.

நீ அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் என் ராஜ்யம் போயிற்று. உன் அம்மா ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்குக்கூட ‘பாப்பா இன்னா சொல்லுதோ அப்டியே’ என்பாள். அது கூடப் பரவாயில்லை. உன் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. என் பலகையை அவள் ஒரு நாளும் படித்ததில்லை, அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று எனக்கும் ஒரு நாளும் தோன்றியதில்லை. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வருகிறேன், அவள் உன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, நீ எழுதிவைத்த தேதிகளையும் பண்டிகைப் பெயர்களையும் விரலால் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். ‘தி... தீபாவளி’ என்று படித்துவிட்டுச் சின்னப் பெண் மாதிரிச் சிரித்தாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் கை தட்டினாய். எனக்கு வயிறு எரிந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது, பசி என்று நினைத்துச் சோறு போடச் சொன்னேன். சாப்பிட்ட பிறகும் எரிந்தது.

தீபாவளிக்கு மறுநாள் நீ பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கப் போயிருந்தாய். நான் உன் அம்மாவிடம் பேப்பரை விரித்துக் காட்டி, புது மருந்துகள் வந்துவிட்டன, இனிமேல் ஆறேழு மாதம் போதும், வருஷம் பூராவும் இந்தக் கசப்பைத் தின்ன வேண்டியதில்லை என்றேன். அந்தச் செய்தி வேறு ஏதோ மருந்தைப் பற்றியது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். எனக்கு அது தெரிந்தே இருந்தது. தெரிந்ததைப் பாதி தெரியாததாக ஆக்கிக்கொள்ள மனசுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவள் தயங்கினாள். ‘பாப்பா வருசம் பூரா திங்கணும்னு சொல்லிச்சே’ என்றாள். அந்த வார்த்தைதான் என்னைத் தள்ளிவிட்டது. ‘பாப்பாவுக்கு இன்னாடி தெரியும்? நான் பேப்பர் பாத்துட்டு சொல்றேன். அது குடுக்கறத கைல வாங்கிக்கோ, முழுங்காத. அதுங்கிட்ட சொல்லி மனச ஒடைக்காத’ என்றேன். அவளுக்கும் அந்தப் பெரிய வில்லைகளைக் கண்டாலே குமட்டல். உடம்பும் தேறியிருந்தது. சரி என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ‘நீ கெளம்பு, ஸ்கூலுக்கு நேரமாய்டும், நான் முழுங்கிக்கறேன்’ என்று உன் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள். நீ டிக் போட்டுவிட்டு ஓடுவாய். அவள் முந்தானையில் முடிந்து வைத்து, கொல்லைக் குழியில் போட்டுவிடுவாள். என் பேச்சை ஒருத்தி கேட்கிறாள் என்ற திருப்தியில் நான் லேத்தில் நின்றபடி சீட்டியடித்தேன்.

தை மாதக் கடைசியில் அவள் ரத்தமாக இருமினாள். சொல்லாமல் கொள்ளாமல் நர்ஸம்மா வந்தார். சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார். மருந்து சாப்பிட்டிருந்தால் நிறம் மாற வேண்டும். மாறவில்லை. உன் நோட்டை வாங்கிப் பார்த்தார், ஒரு நாள் விடாமல் டிக். ‘என்ன பாப்பா இது?’ என்று கேட்டார். நீ உன் அம்மாவைப் பார்த்தாய். அவள் என்னைப் பார்த்தாள். அப்போது நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னேன், உன்னைப் பார்த்துச் சொன்னேன். ‘அம்மா முழுங்குனத நீ பாத்தியா? பாக்காம எதுக்கு டிக் போட்ட?’ நீ அழவில்லை. நோட்டைத் திருப்பி வாங்கி எதையோ எழுதினாய். நர்ஸம்மா போன பிறகு உன் அம்மாவிடம், ‘நான் சொன்னேன்னு சொல்லிடாத, ஊரே காறித் துப்பும்’ என்று கெஞ்சினேன். பலகை எழுதுகிறவன் மானம் போய்விடக் கூடாதாம். மறுநாளே உன் நோட்டை எடுத்துப் போய்க் கம்பெனியில் என் சாமான் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். நீ வீட்டையே கவிழ்த்துப் போட்டு அதைத் தேடியபோது, நானும் உன்னோடு சேர்ந்து கட்டிலுக்கடியில் குனிந்து தேடினேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் ஊசி. பிழைத்துக்கொண்டாள். ஆனால் இடது பக்க நுரையீரல் சுருங்கியது சுருங்கியதுதான். ஸ்டேஷன் படி நாலு ஏறினால் அவள் நிற்க வேண்டியிருப்பதை நீ பார்த்திருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் நீதான் ஓடிப்போய் அவள் கையைப் பிடிப்பாய். நான் ரயில் வருகிறதா என்று தூரத்தில் பார்ப்பதுபோல் நிற்பேன்.

இவ்வளவுக்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்ததா என்றால், இல்லை. ஒரு மனுஷனின் இதயத்தை இன்னொருவனுக்கு வைத்துத் தைத்தார்கள் என்று செய்தி வந்தபோது, உன் அம்மா ‘அப்போ அந்தாளுக்கு யாரு பொண்டாட்டி மேல ஆச வரும்?’ என்று கேட்டாள். தெருவே சிரித்தது. நீ மட்டும், ‘அது பம்பும்மா, ஆச மூளைல கீது’ என்று பொறுமையாகச் சொன்னாய். சொன்னதும் எல்லோர் தலையும் உன் பக்கம் திரும்பின. பிறகு, வானத்தில் ஓரிடத்திலிருந்து கடிகாரம் தட்டுவதுபோல் துடிப்புகள் வருகின்றன என்ற செய்தி. ‘மேலிருந்து யாரோ நம்மைக் கூப்பிடுகிறார்கள்!’ என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். அப்படிக் கூட்டம் அதற்குமுன் கூடியதில்லை. ‘இன்னாவாம் சொல்றான் மச்சான், மேல கீறவன்?’ என்று கேட்டவனுக்கு நான் எதையோ அளந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடப் பையோடு வந்த நீ, ‘ஒரே மாதிரி தட்டிகினே இருந்தா அது பேசறது இல்லியேப்பா. பேசறவங்க மாத்தி மாத்தி தானே பேசுவாங்க?’ என்றாய். கன்னியப்பன் தொடையைத் தட்டி, ‘பொண்ணு சொல்றதுதான் கரெக்டு நைனா’ என்றான். கொஞ்ச நாளில், அது வேகமாகச் சுழலும் ஒரு செத்த நட்சத்திரம் என்று செய்தி வந்தது. ‘நாம் முன்பே ஐயப்பட்டபடி’ என்று தொடங்கி அதைப் பலகையில் எழுதினேன். அந்த ‘நாம்’ யார் என்று நீ கேட்கவில்லை. அதே நட்சத்திரங்களைத்தான் இப்போது நீ ஆராயப் போகிறாய். சந்திரனில் மனுஷன் கால் வைத்த அன்று, படிப்பகத்து ரேடியோவைச் சுற்றி நூறு பேர். அவர்கள் கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு நீ பதில் சொன்னாய், மூன்றாவதற்குச் சொல்லும் முன் ‘போய் எல்லாருக்கும் தண்ணி மொண்டாம்மா’ என்று உன்னை அனுப்பினேன். நீ குடத்தோடு திரும்பி வருவதற்குள் பேச்சு முடிந்திருந்தது.

நீ பி.எஸ்ஸி. சேர வேண்டும் என்றபோது, பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று குதித்தேன். பழைய காலத்து ஆள், அப்படித்தான் பேசுவார் என்று நீ என்னை மன்னித்தாய். மகளே, நான் அதை ஒரு நாளும் நம்பியதில்லை. பெண்கள் படிக்க வேண்டும் என்று அதே பலகையில் எழுதியவன் நான். பொறாமைக்காரன் என்று தெரிவதைவிடப் பட்டிக்காட்டான் என்று பெயர் வாங்குவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இனி உன் மேல் யாராவது ஊர் வழக்கத்தைச் சொல்லிக் குதித்தால், அடியில் வேறு என்ன இருக்கிறது என்று பார். பெரும்பாலும் வழக்கத்தைவிடச் சின்னதாக ஏதாவது இருக்கும். உன்னைவிடச் சின்னவள் ஒருத்தி உன்னைத் தாண்டிப் போகிற நாள் உனக்கும் வரும். அன்று வயிறு எரிந்தால் உடனே அவளிடமே சொல்லிவிடு. வாய்விட்டுச் சொன்னால் அது பாதி அடங்கும் என்று நினைக்கிறேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது, நான் இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் நீ எனக்கு ஒரு கதை சொன்னாய். ‘ரெண்டு பேரு வானத்த நோக்கி கொம்பு மாதிரி ஒரு ஏரியல் வெச்சிருந்தாங்கப்பா. எந்தப் பக்கம் திருப்புனாலும் ஒரே இரைச்சல். புறா எச்சம் போட்டதால வருதோன்னு புறாவத் தொரத்திட்டு ஏரியலக் கழுவிப் பாத்தாங்க. இரைச்சல் அப்டியே கீது. கடைசில பாத்தா, பிரபஞ்சம் பொறந்தப்போ இருந்த சூட்டோட மிச்சம் அது. ஆனா மொதல்ல தன் கருவியத்தான் சந்தேகப்பட்டாங்க பாரு, அதாம்பா பெரிசு’ என்றாய். நானும் தலையை ஆட்டிவிட்டு மறுநாள் பலகையில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசிய பிறகுதான் அந்தக் கதை என் மண்டையில் இறங்கியது. எச்சமே படாத உன் நோட்டைப் பதினோரு வருஷமாக மனசுக்குள் கழுவிக்கொண்டிருக்கிறாய். அன்றைக்குக் கை தட்டிய அத்தனை பேரும், என் பொய்யிலிருந்து நீ செய்துகொண்ட பாடத்துக்குத்தான் கை தட்டினார்கள். ஊர் அறிய நீ சுமந்த பழியை ஊர் அறியத்தான் இறக்க வேண்டும். அதனால்தான் மூன்றாம் பக்கம்.

இதை எழுதும்போதும் பொறாமை போய்விடவில்லை. நீ காதில் மாட்டிக் கேட்கப்போகும் அந்தத் துடிப்பை நானும் ஒரு தடவை கேட்க மாட்டேனா என்று இருக்கிறது. உன் அம்மா உன் பெட்டியில் ஊறுகாயைத் துணி சுற்றி வைப்பதைப் பார்த்தால்கூட, எனக்கு இப்படி ஒரு நாளும் கட்டிக் கொடுத்ததில்லையே என்று தோன்றுகிறது. அறுபதை நெருங்குகிறவனுக்கு இது ஒரு வியாதிதான், இதற்கு மருந்து கண்டுபிடித்ததாக எந்தப் பேப்பரிலும் நான் பார்க்கவில்லை. என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அது உன் இஷ்டம். உன் கணக்கு சரியாக இருந்தது என்பது உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தோடு அந்த நோட்டும் இருக்கிறது. எண்ணெய்க் கறை பட்டிருக்கும், லேத்துப் பக்கத்தில் கிடந்தது. நேற்று அதைத் திறந்து, தீபாவளிக்கு மறுநாளிலிருந்து நீ போட்ட ஒவ்வொரு டிக்குக்கும் எதிரே, காரணம் எழுதாத கட்டத்தில், சிவப்புப் பேனாவால் ‘அப்பாவின் பொறாமை’ என்று எழுதினேன். இரண்டாம் வரியிலிருந்து ‘மேற்படி’ என்று போட்டிருக்கலாம். போடவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் முழுதாக எழுதினேன், கை வலித்தது. கடைசி வரியில் மட்டும், நர்ஸம்மா வந்த அன்றைக்கு, காரணம் என்ற கட்டத்தில் நீயே எழுதியிருக்கிறாய். ‘நான் பார்க்கவில்லை.’ அதை நான் தொடவில்லை. அதை அடிக்க வேண்டியவள் நீ. பேனாவை அந்தப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

அப்பா